எதிரியின் இடது காது

பாண்டிச்சேரிக்கு எதற்குப் போகிறாய் என்று ஒரு திருச்சிப் பையனைக் கேட்டால் அவன் சிரிப்பான், கேட்டவரும் சிரிப்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும். நான் போனது வேறு காரியத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடக்கவிருந்த ஒரு பூ வைக்கும் சடங்கை நிறுத்துவதற்கு.

பெண், நித்யா. என்னோடு உளவியல் படித்தவள், கல்லூரிக் காலத்திலிருந்தே என் காதலி. ஊர் பிள்ளைச்சாவடி. அவள் அப்பாவுக்கு சொந்தமாக ஒரு ஃபைபர் போட் இருக்கிறது. மாப்பிள்ளை, தினேஷ். கருவடிக்குப்பம். பிரெஞ்சுக் குடியுரிமை, பிரெஞ்சு ராணுவத்தில் வேலை, லீவில் வந்திருக்கிறான். பாண்டிச்சேரிக் கல்யாணச் சந்தையில் இதற்கு மேல் ஒரு சரக்கு கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது அவன் தாத்தா ஏதோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார், பேரன் வெள்ளைக்காரன் ஆகிவிட்டான். என் தாத்தாவும் வாழ்க்கை முழுக்கக் கையெழுத்துப் போட்டவர்தான். எல்லாம் ரேஷன் கடையில்.

நித்யா போனில் சொன்னது இது: "அப்பாகிட்ட சொல்லிட்டேன், எனக்கு ஒருத்தன் இருக்கான்னு. கத்துவாருன்னு நெனச்சேன், கத்தல. யாருடி அவன், ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆளக் காட்டு, பாத்துட்டுச் சொல்றேன்னாரு. நீ வந்து பேசு ஹரி. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று அவளுக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை. நான் எம்.எஸ்சி.க்கு ப்ராஜெக்ட் செய்ததே நவீனப் போரில் மனத்தைக் குறிவைப்பது பற்றித்தான். இன்றைக்கு முதல் குண்டு விழுவதற்கு முன்பே எதிரி வீரனின் போனுக்குச் செய்தி போய்விடுகிறது: உன் அதிகாரி ஓடிவிட்டான், நீ எதற்கு அங்கே நிற்கிறாய். தளபதி சரணடைவது போல ஒரு பொய் வீடியோ வருகிறது. ஊர் தானாகக் காலியாகிறது. துப்பாக்கி வேலை பாதிதான், மீதி மண்டைக்குள் நடக்கிறது. இதையெல்லாம் கரைத்துக் குடித்தவன் போய், ஒரு மீனவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பொண்ணு குடுங்க என்று நிற்பதா? முதலில் அவர் மனத்தில் தினேஷைச் சாய்ப்பேன். காலியான இடத்தில் நான் போய் உட்காருவேன். திட்டம் இது.

வியாழக்கிழமை மத்தியானம் போய் இறங்கினேன். பஸ்ஸில் பக்கத்து சீட் ஆள் என் தோளிலேயே தூங்கி, ஊர் எல்லை வந்ததும் அலாரம் வைத்த மாதிரி எழுந்து, "வந்தாச்சு, ஃபாரின்" என்றார். எனக்கு அது கடுப்பாக இருந்தது. என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூடக் கிடையாது. நான் போன அதிகபட்ச வெளிநாடு இதுதான்.

தங்கியது விக்கி வீட்டில், மூலக்குளம். விக்கி என் ஹாஸ்டல் ரூம்மேட். ஸ்டாண்டிலிருந்து அங்கே போக ஆட்டோக்காரர் சொன்ன தொகையில் திருச்சியில் மலைக்கோட்டையை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கலாம். மீட்டர் எங்கேண்ணே என்று கேட்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "டூரிஸ்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏன் மீட்டரு கேக்குற?" என்றார். இந்த ஊர் ஆட்களிடம் பேசி ஜெயிக்க முடியாது என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

விக்கி திட்டத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, "டேய், பேசாம போயி அவங்க அப்பாவப் பாருடா" என்றான். எதிரியை ஆராயாமல் களத்தில் இறங்கக் கூடாது என்றேன். "எதிரியா? தினேஷ் அண்ணன் தெனம் சாயங்காலம் எங்ககூடதான்டா பெத்தாங் ஆடும்" என்றான். பெத்தாங் என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன இரும்புக் குண்டு விளையாட்டு. தரையில் ஒரு சின்ன உருண்டையை எறிந்துவிட்டு, குண்டை அதற்குப் பக்கத்தில் விழ வைக்க வேண்டும். நாம் கோலி ஆடுவதையே பேன்ட் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள்.

அன்று சாயங்காலமே விக்கியோடு போனேன். தினேஷை நித்யா அனுப்பிய போட்டோவில் பார்த்தபோது ஃபில்டர் என்று நினைத்திருந்தேன். ஃபில்டர் இல்லை. ஆள் நிஜமாகவே அப்படித்தான் இருந்தான். உயரம், தோள், முட்டி தெரியும் ட்ரவுசரிலும் ஒரு கம்பீரம். நான் ட்ரவுசர் போட்டால் அம்மா மளிகைக் கடைக்கு அனுப்புவாள். அவன் குண்டை விட்டால் அது சொன்ன இடத்தில் போய் உட்கார்ந்தது. என்னிடம் ஒன்றைக் கொடுத்து, "தம்பி திருச்சியா? வாங்க, ஒண்ணு உடுங்க" என்றான். விட்டேன். அது ஓரமாக நின்ற ஒருவரின் டிபன் கேரியர் மேல் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. தினேஷ் போய் அந்தக் கேரியரின் நெளிவைக் கட்டைவிரலால் அழுத்திச் சரிசெய்து கொடுத்துவிட்டு வந்தான். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆட்டம் முடிந்ததும் தள்ளுவண்டியில் கறி சமோசா. நான் அவன் இடது பக்கம் நின்று ஏதோ கேட்டேன், அவன் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டதும் தலையை முழுசாகத் திருப்பினான். "இந்தப் பக்கம் வந்துடுங்க தம்பி. அந்தக் காது கொஞ்சம் வீக்கு. சத்தத்துல போச்சி."

என் மூளையில் பல்பு எரிந்தது. ஆனால் அதற்குள் அடுத்த இடி.

"ஆர்மியில என்னண்ணே வேலை?" என்று கேட்டேன்.

"பேசுற வேலை. வண்டி மேல ஸ்பீக்கர் கட்டிக்கினு ஊர் ஊரா போவோம். நோட்டீஸு, ரேடியோ. ஜனங்க போன்ல இன்னா ஆடியோ சுத்துது, யாரு கெளப்புறான், அதக் கேட்டு எழுதுறது. சண்டையில அதுக்குன்னு தனி ஆளு வெச்சிருப்பாங்க."

கடித்த சமோசாவைத் தட்டிலேயே வைத்தேன். நான் ஏசி இல்லாத லைப்ரரியில் உட்கார்ந்து, நாலு பி.டி.எஃப். படித்து, படம் ஒட்டிச் செய்த ப்ராஜெக்டை இவன் ஷூ போட்டுக்கொண்டு நடந்தே முடித்திருக்கிறான். பெண்ணையும் எடுத்துக்கொள்கிறான், என் சப்ஜெக்டையும் எடுத்துக்கொள்கிறான். வேறு ஏதாவது மிச்சம் வைத்திருக்கிறானா என்று பார்த்தேன். கடைசி சமோசாவை என் பக்கம் தள்ளினான். அதுவும் அவன் பெருந்தன்மையாகத்தான் எனக்கு வந்தது.

ஆப்பிரிக்காவில் ஒரு பாலைவன நாட்டில் நடந்ததாக ஒரு கதை சொன்னான். அங்கே பல நாட்டுப் படைகள் இருந்தனவாம். ராணுவ டிரோன் மேலே பறந்தால் ஆட்டுக்குக் கரு கலைந்துவிடும் என்று யாரோ ஒரு ஆடியோ கிளப்பியிருக்கிறார்கள். ஒரு கிராமத்தில்தான் அந்தப் பேச்சு. "அதுல ஒரு டீமு, அவசரப்பட்டு ஸ்பீக்கர் கட்டிக்கினு ஆறு ஊருக்குப் போயி, டிரோனால ஆட்டுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு கத்திட்டு வந்தாங்க தம்பி. மறுநாளு ஆறு ஊர்லயும் ஆட்டத் தூக்கி வூட்டுக்குள்ள கட்டிட்டான்."

விக்கி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன்.

"பயமுறுத்துறது ஈஸி" என்றான் தினேஷ். "ஒரு நாளு வேல செய்யும். கேக்குறவன் மனசுல ஏற்கெனவே இன்னா ஆச கெடக்குதுன்னு தெரியணும். இல்லன்னா நாம ஒண்ணு சொல்லுவோம், அவன் வேற ஒண்ணு கேப்பான்."

படிக்காமல் அனுபவத்தில் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். என் ப்ராஜெக்டில் பயத்துக்குத்தான் பெரிய அத்தியாயம்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். வதந்திக்கு மூன்று விஷயம் வேண்டும். கொஞ்சம் உண்மை, வீட்டார் நம்புகிற வாய், தானாகக் கண்டுபிடித்தோம் என்கிற திருப்தி. உண்மை கிடைத்துவிட்டது, இடது காது. வாய், நித்யாவின் பெரியம்மா. பிள்ளைச்சாவடி மெயின் ரோட்டு ஓரத்தில் மீன் விற்கிறவர். நித்யா இன்ஸ்டாவில் போட்ட படங்களில் முகம் பார்த்திருக்கிறேன்.

விக்கியின் ஸ்கூட்டர் பாதி வழியில் பஞ்சர். கடற்கரை ரோட்டில் பஞ்சர் கடை தேடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, இரண்டு வெள்ளைக்காரிகள் சேலை கட்டிக்கொண்டு சைக்கிளில் என்னைத் தாண்டினார்கள். ஒருத்தி திரும்பி, "கஷ்டமா?" என்று தமிழில் கேட்டாள். இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரு மொழி கூடுதலாகத் தெரிகிறது. எனக்கு பிரெஞ்சில் தெரிந்த ஒரே வார்த்தை பெத்தாங், அதுவும் நேற்றுத்தான்.

வேர்த்து விறுவிறுத்துப் போய் பெரியம்மா கடை முன்னால் நின்று, போனைக் காதில் வைத்து, கொஞ்சம் சத்தமாக ஆரம்பித்தேன். "ஆமா மச்சான், கருவடிக்குப்பம் தினேஷ்தான். ஆர்மில அடிபட்டு ஒரு காது போயிருச்சாம். இனி வேலைக்கு ஆக மாட்டான், அனுப்பிருவாங்களாம். பாவம், பொண்ணு வீட்டுல சொல்லவே இல்லையாம்."

அந்த நேரம் பார்த்து, காதில் வைத்திருந்த போன் அடித்தது. அம்மா.

பெரியம்மா ஒரு சங்கரா மீனின் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "போனு அடிக்குது பாரு தம்பி. இவ்ளோ நேரம் யாருகிட்ட பேசிக்கினு இருந்த?"

"லைன் கட்டாயிடுச்சிக்கா" என்றேன்.

"மீனு வேணுமா, வேணாமா?"

வாங்கினேன். எந்த ஊரு என்றார், திருச்சி என்றேன். சுத்தம் செய்து பையில் போடும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "எந்த தினேசு? ஆத்தா பேரு சரசுவா?"

"தெரியலக்கா. லீவுக்கு வந்திருக்காரே, அவருதான்."

"காயம் பட்டதா? சண்டையிலயா, சும்மா வுழுந்ததா?"

"சண்டையிலதானாம்க்கா" என்றேன். கேள்வி ஏன் அவ்வளவு குறிப்பாக வருகிறது என்று யோசிக்கவில்லை. அவர் முகம் மாறியது, அதை மட்டும் பார்த்தேன். கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஊருக்குள் நடந்தார். நடையில் ஒரு வேகம். பஞ்சர் ஒட்டின ஸ்கூட்டரில் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பினேன். விக்கியின் அம்மா சங்கராவை வறுத்துப் போட்டார். முள்ளெடுக்கத் தெரியாமல் பாதியைத் துப்பினேன், ஆனாலும் வெற்றியின் ருசி இருந்தது.

நித்யா மெசேஜ் அனுப்பியிருந்தாள்: எங்க இருக்க, அப்பா கேக்குறாரு. நாளைக்கு என்று பதில் போட்டேன். குண்டு வெடித்துப் புகை அடங்கட்டும், பிறகு நுழையலாம்.

சனிக்கிழமை காலையில் தினேஷே விக்கிக்குப் போன் செய்து, திருச்சித் தம்பியையும் கூட்டிக்கொண்டு டிபனுக்கு வா என்றான். அழுது வடியும் ஆளைப் பார்க்கப் போகிறோம் என்று நான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

கருவடிக்குப்பத்தில் வீடு. ஹாலில் ஒரு பக்கம் முருகன், எதிர்ச் சுவரில் சீருடையில் தினேஷ். அவன் அம்மா நீளமான ரொட்டியை வெட்டி, நேற்று வைத்த வஞ்சிரக் குழம்பை சுடவைத்துக் கொண்டுவந்தார். ரொட்டியை மீன் குழம்பில் முக்கிச் சாப்பிடுவதாம். திருச்சியில் இப்படிக் கேட்டால் காய்ச்சலா என்பார்கள். ஒரு வாய் வைத்தேன். இட்லிக்குக்கூடக் குழம்பு இப்படி இறங்காது. ரொட்டியின் மேல் தோல் மொறுமொறுவென்றும் உள்ளே புளியும் மிளகாயும் ஊறியும், அடப்பாவிகளா, தினமும் இதைத்தான் சாப்பிடுகிறீர்களா. இன்னொரு துண்டு வாங்கினேன். எதிரி வீட்டில் இன்னொரு துண்டு கேட்பது எந்தப் போர்முறையிலும் இல்லை.

அம்மாவும் பிள்ளையும் நடுவில் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார்கள். விக்கி பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுத்தவன். மென்றுகொண்டே எனக்குக் கிசுகிசுத்தான்.

"பொண்ணு வீட்டுலேருந்து நேத்து சாயங்காலம் போன் வந்துச்சாம்டா."

"காதப் பத்தியா?"

"ஆமா, காதப் பத்தித்தான். எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்களாம்."

"என்னது?"

விக்கி இன்னொரு வாய் எடுத்துக்கொண்டு, அவர்கள் பேச்சைக் காதில் வாங்கிச் சொன்னான். "சண்டையில பட்ட காயம்னா பென்ஷன் உறுதியாமே, அவனுக்கு அப்புறம் பொண்டாட்டிக்கும் வருமாமே, இந்த வெவரத்த ஏன் மொதல்லயே சொல்லலன்னு அவங்க பெரியம்மா கோச்சிக்கிச்சாம். வேல போனா இன்னும் நல்லதாம், மாப்ள இங்கயே இருந்துடுவாரு, பொண்ணு கண்ணு முன்னாடி இருக்கும்னு அவங்க அம்மா அழுதுச்சாம். சந்தோஷத்துல."

நான் திருச்சிக்காரன். எங்கள் ஊரில் காது போனவன் என்றால் காது போனவன். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வீடுகளைத் தெருவுக்குத் தெரு பார்த்து வளர்ந்தவர்களிடம் போய், மாப்பிள்ளைக்கு ராணுவத்தில் அடிபட்டது என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் காதில் விழுந்தது வேறு. உலகத்திலேயே இந்த ஒரு ஊரில்தான் அந்தக் குண்டு பூவாக வெடிக்கும். அங்கே போய் அதைப் போட்டவன் நான்.

வாசல் வரை வந்த தினேஷ், வலது காதை என் பக்கம் வைத்துக்கொண்டு, "தம்பி, நீங்கதான் ரோட்டுல நின்னு என்னப் பத்திப் பேசுனீங்களாமே" என்றான். "சங்கரா வாங்குன திருச்சிப் பையன்னு அந்தப் பெரியம்மா சொல்லிச்சாம். நானா சொல்லியிருந்தா பீத்திக்கிறான்னு நெனச்சிருப்பாங்க. தேங்க்ஸு." என் தோளைத் தட்டினான். தட்டிய இடம் வலித்தது, கை அப்படி. அவனுக்கு வேலையும் போகவில்லை, பெரிய காயமும் இல்லை, அதை அவர்களிடம் சொன்னானா என்று கேட்டேன். "சொன்னேனே. அடக்கமான புள்ளன்னு இன்னும் சந்தோஷப்பட்டுட்டாங்க."

அன்றைக்கு மீதி நாள் முழுக்கக் கடற்கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றேன். பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கிழவரும் ஒரு பலூன்காரரும் விலை பேசிக்கொண்டிருந்தார்கள், இருவரும் ஜெயித்த முகத்தோடு பிரிந்தார்கள். அதைப் பார்த்தும் வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மெசேஜில் வரச் சொன்னபடி, பிள்ளைச்சாவடி பஸ் ஸ்டாப்பில் நித்யா நின்றாள். தலைக்குக் குளித்து ஈரம் காயாமல், வீட்டு நைட்டி மேல் துப்பட்டா போட்டுக்கொண்டு, கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"எப்ப வந்த?"

"வியாழக்கிழமை."

"வியாழக்கிழமையா?" அவள் என்னையே பார்த்தாள். "நாலு நாளா இங்கதான் இருக்கியா? இன்னா பண்ண?"

சொன்னேன். ப்ராஜெக்ட், காது, பெரியம்மா, எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், சிரிப்பாள் என்றும் கொஞ்சம் ஆசை இருந்தது.

"எங்க வூட்டுல வெள்ளிக்கெழமையிலேருந்து தினேஷு பேச்சுதான் ஹரி. காலைல தினேஷு, சோத்துக்கு தினேஷு. அவன் காது, அவன் பென்ஷன், அவன் கொணம். எல்லாம் நீ குடுத்தது. உன் பேரு அந்த வூட்டுல ஒருத்தருக்காவது தெரியுமா?"

"இப்ப போய் பேசுறேன்."

"அப்பா போட்டாண்ட இருக்காரு. நேத்து ராத்திரிகூடக் கேட்டாரு, எங்கடி உன் ஆளு, நெசமாவே ஒருத்தன் இருக்கானா, இல்ல சும்மா சொன்னியான்னு. இருக்கான்பா, வருவான்னேன்." துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஒண்ணும் பெருசா வேணாம். நான்தான் அதுன்னு சொல்லு. மீதிய நான் பாத்துக்கிறேன். முன்னாடி போறேன், வா."

கல் கொட்டிய கரை. அலை கல்லிலேயே அடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டுக்கு எதிரிலேயே போட், அதன் நிழலில் அவர் வலையில் சிக்கிய நண்டை உடைத்து எடுத்துக்கொண்டிருந்தார். கறுத்து ஒல்லியான ஆள். முரடன் இல்லை. நான் இத்தனை நாளும் மண்டைக்குள் சண்டை போட்ட கோட்டைக்குக் கதவே இல்லை, ஒரு மனுஷன் பனியனோடு உட்கார்ந்திருந்தார்.

நிமிர்ந்து பார்த்தார். "யாருப்பா நீ?"

அந்தக் கேள்விக்கு நான் தயாரித்தே வரவில்லை. தினேஷ் யார், அவன் எப்படிப்பட்டவன், அவனிடம் என்ன குறை, எதைக் கேட்டிருந்தாலும் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். எம்.எஸ்சி. முடித்துவிட்டு வேலை தேடுகிறேன், எனக்கு பெத்தாங் வராது, முள்ளெடுக்கத் தெரியாது, என் தாத்தா ரேஷன் கடையில் மட்டும் கையெழுத்துப் போட்டவர். எல்லாம் வரிசையாகத் தொண்டை வரை வந்து நின்றது. பயத்தில் நாக்கு அதற்குப் பழக்கமான பெயரைத் தேடிப் பிடித்தது.

"தினேஷ் அண்ணனோட ஃபிரெண்டுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. நண்டைக் கூடையில் போட்டுவிட்டு, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு எழுந்தே விட்டார். "மாப்ள ஆளா? வாப்பா, வா. திருச்சிப் புள்ள நீதானா? எங்க அண்ணி சொல்லிச்சி. நல்லது சொன்னப்பா. மனசுல ஒரு கொழப்பம் இருந்துது, பொண்ணு வேற யாரோ ஒருத்தன்னுச்சி. நாலு நாளா காத்திருந்தேன், வரவேயில்ல. இப்ப தெளிஞ்சிடுச்சி." வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "நித்யா, மாப்ள ஃபிரெண்டு வந்திருக்காரு. டீ கொண்டா."

ஓட வேண்டும் என்று தோன்றியது. அவர் இழுத்துப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் வாசலுக்கு உள்ளேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், வாயைத் திறந்தேன், அவள் அப்பா பக்கத்தில் சிரித்துக்கொண்டே நின்றார். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"சக்கர போதுமாண்ணா?" என்று கேட்டாள்.